நான்காம் அத்தியாயம்: அசையும் மரமும் அசையா மரமும்

யாழ்ப்பாணத்திலே வீடு கட்டத் தொடங்கிய ஒருவர், மரக்காலைக்குச் சென்று கதவுக்கும் நிலைக்கும் மரம் தெரியும்போது, பலகையைக் கையால் தூக்கிப் பார்த்து, அது பாரமாக இருந்தால் முகம் மலர்வதும், இலேசாக இருந்தால் ஒன்றும் பேசாமல் அடுத்த அடுக்கை நோக்கி நகர்வதும் நாம் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவரும் காட்சியாகும். முதிரை என்றால் ஒரு மதிப்பு. பாலை என்றால் ஒரு மதிப்பு. வைரம் பாய்ந்த வேம்பு என்றால் அதற்கும் ஒரு மதிப்பு. கறையானுக்கும் மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்துப் பேரப்பிள்ளைகளின் காலம் வரை நிற்க வேண்டிய கதவுக்கு அந்த மதிப்பீடு முற்றிலும் பொருத்தமானதே. ஆனால் அதே மனிதர், தம் மகளுக்கு ஒரு கிற்றார் வாங்கும்போதும், உள்ளூர்த் தச்சர் ஒருவரிடம் கொடுத்து ஒன்றைச் செய்விக்கும்போதும், பழகிய அந்தக் கையாலேயே தூக்கிப் பார்த்து, 'நல்ல பாரமான மரம்' என்று மனநிறைவு கொண்டுவிடுகிறார். பிழை அவ்விடத்திலேயே நேர்கிறது. கதவுக்குச் சிறப்பாக அமைந்த கனம் கிற்றாரின் முகத்துக்குக் குறையாக அமைந்துவிடும்.

ஆகையால், எந்த மரம் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று ஒரே வரிசையில் மரங்களை நிறுத்த முயலாமல், வாத்தியத்தின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே நோக்கி, 'இவ்வுறுப்பு அசைய வேண்டியதா, அசையாது நிற்க வேண்டியதா?' என்ற ஒரு வினாவைக் கேட்கும்படி வாசகரை வேண்டிக்கொள்கிறேன். அசைய வேண்டிய உறுப்புக்கு இலேசும் விறைப்பும் ஒருங்கே பொருந்திய மரம் தேவை. அசையாது நிற்க வேண்டிய உறுப்புக்குக் கடினமும் உறுதியும் உடைய மரம் தேவை. இவ்வத்தியாயத்தில் வரும் யாவும் இந்த ஒரு விதியின் விரிவுரையே.

தந்தியிலிருந்து காற்றுக்கு

மீட்டிய தந்தி தானாக உண்டாக்கும் ஓசை மிகச் சிறியது. மெல்லிய கம்பியானது காற்றைக் கிழித்துச் செல்லுமேயன்றி, அதைத் தள்ளி அலையாக்கப் போதிய பரப்பு அதற்கு இல்லை. இரண்டு ஆணிகளுக்கிடையே ஒரு கம்பியை இறுகக் கட்டிச் சுவரோடு பொருத்தி மீட்டிப் பார்த்தால் இவ்வுண்மை எவர்க்கும் பிரத்தியட்சமாகும். தந்தியின் துடிப்பைக் குதிரை என்னும் சிறு மரத்துண்டு வாங்கி, தான் ஒட்டியிருக்கும் முகப்பலகைக்குக் கொடுக்கிறது; அகன்ற அப்பலகை முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது; உள்ளேயிருக்கும் காற்றும் நாதத் துவாரத்தின் வழியே மூச்சுவிட்டு மந்தர ஸ்வரங்களுக்குப் பலம் சேர்க்கிறது. எனவே, நாம் கிற்றாரின் நாதம் என்று சொல்வது பெரும்பாலும் முகப்பலகையின் நாதமே.

அந்தப் பலகைக்கு இரண்டு கடமைகள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. உருக்குத் தந்திகள் பூட்டிய கிற்றாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோகிராம் பாரத்தின் இழுப்பையும், நைலோன் தந்திகள் பூட்டியதில் ஏறக்குறைய 40 கிலோகிராம் பாரத்தின் இழுப்பையும் அது தாங்கி நிற்க வேண்டும். தாங்கி நிற்கும் அதே வேளையில், ஒரு விரல்நுனியின் மெல்லிய மீட்டுக்கும் இசைந்து அசைய வேண்டும். இவ்விரண்டையும் செய்யும் பலகையின் தடிப்பு வெறும் 2 முதல் 3 மில்லிமீற்றர் மாத்திரமே. பலகையொன்றின் தடிப்பை இரட்டித்தால் அதன் எடை இரண்டு மடங்காகும். விறைப்போ எட்டு மடங்காகும். இலேசான மரத்துக்கு இதனால் ஓர் அனுகூலம் உண்டாகிறது: அதே எடைக்குள் அது சற்றுத் தடிப்பாக நிற்கலாம், தடிப்பாக நிற்பதனால் விறைப்பையும் பெறலாம்.

முகப்பலகை

மேல்நாட்டுக் கைவினைஞர் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தைப் பல நூற்றாண்டுகளாக வயலினுக்கும் கிற்றாருக்கும் முகமாக வைத்துவருவதன் காரணம் இதுவே. ஒரு கன மீற்றருக்கு 400 முதல் 450 கிலோகிராம் வரையே எடையுள்ள அந்த மரத்தில், இழையின் நெடுக்கே ஒலியானது விநாடிக்கு ஏறக்குறைய 5,000 மீற்றர் வேகத்திலும் அதற்கு மேலும் ஓடுகிறது. காற்றிலே அவ்வேகம் 340 மீற்றர் அளவுதான். குளிர்நாட்டிலே மெதுவாக வளர்வதனால் அதன் வருட வளையங்கள் நெருங்கி, நேர்கோடுகளாக நிற்கின்றன. நெடுக்கே விறைப்பும் குறுக்கே நெகிழ்வும் உடைய அச்சுபாவத்தைச் சமன்செய்யவே, உட்புறத்தில் மெல்லிய சட்டங்களை ஒட்டுகிறார்கள்.

சீடார் என்னும் செம்பழுப்பு மரம், ஸ்புரூசிலும் இலேசானது; மத்ரித் நகரத்து ராமிரெஸ் பட்டறையார் 1960களில் நைலோன் தந்திக் கிற்றார்களுக்கு அதைக் கையாண்டு பிரசித்தமாக்கினர். மென்மையாக மீட்டுவோர்க்கு அது உடனே வாய்திறந்து பேசும். வலிந்து மீட்டுவோர்க்கோ ஸ்புரூஸ் கூடுதலாக இடங்கொடுக்கும் என்பது வாசிப்போர் அனுபவம். மகோகனியை முகமாக வைத்த கிற்றார்களும் உண்டு. அவற்றின் குரல் சற்று அடங்கியதாயும், தனித்தனி ஸ்வரம் தெளிவாயும் இருப்பதால், பாட்டுக்குப் பக்கபலமாக நிற்க அவை இசைவானவை.

இங்கே தமிழ் வாசகர் ஒருவர் நியாயமாக ஒரு கேள்வி எழுப்பலாம். 'பலா மரம் பாரமானதல்லவா? தஞ்சாவூர் வீணையின் குடமும் முகப்பலகையும் பலாவினாலேயே ஆகின்றனவே. அந்த வீணையின் நாதத்துக்கு என்ன குறை?' என்பதே அக்கேள்வி. குறை ஒன்றுமில்லை, வேண்டப்படும் குணம் வேறு என்பதே விடை. தந்தியின் சக்தி எவ்வளவு விரைவாகப் பலகை வழியே காற்றுக்குப் போய்விடுகிறதோ, அவ்வளவு உரத்து ஒலி எழும். அவ்வளவு விரைவாகத் தந்தியும் ஓய்ந்துவிடும். பாரமான பலகையோ தந்தியின் சக்தியைச் சிறுகச் சிறுகவே செலவிடுகிறது. ஒலி உரத்து எழாது, ஆனால் நெடுநேரம் நிற்கும். ஒரே மீட்டிலே தந்தியை இழுத்துப் பல ஸ்வரங்களைத் தொட்டுக் கமகம் பிடிக்கும் வைணிகருக்கு வேண்டியது அந்த நீண்ட கார்வையே. கணத்துக்குக் கணம் புதிதாக மீட்டி, ஆறு தந்திகளையும் ஒருங்கே ஒலிக்கச் செய்யும் கிற்றார்க்காரருக்கு வேண்டியதோ உடனே எழும் உரத்த குரல். ஆகவே, பலாவை முகமாக வைத்துக் கிற்றார் செய்தால், அதில் வீணையின் பொறுமை சிறிது வந்து சேரும். கோவிலிலோ கூட்டத்திலோ பலரோடு சேர்ந்து வாசிக்கும்போது குரல் எடுபடாது. தனியறையில் தனக்காக வாசிப்பவருக்கு அது குறையன்று.

ஈழத்திலே இயற்கையாக வளரும் ஸ்புரூஸ் இல்லை. மலைநாட்டில் நட்டு வளர்த்த பைன் மரம் பிசினும் பாரமும் மிகுந்தது; அதை இதற்கு ஈடாகக் கொள்ளலாகாது. உள்ளூரில் ஒரு கிற்றாரைச் செய்விப்பவர், முகப்பலகை ஒன்றை மாத்திரம் வெளியிலிருந்து தருவித்து, ஏனையவற்றை இங்கேயுள்ள மரத்தால் அமைப்பதே அறிவுடைமையாகும்.

முதுகும் விலாவும்

முகத்துக்கு அடுத்தபடியாக முதுகுப்பலகையையும் விலாப்பலகைகளையும் பற்றி உலகத்திலே பேசப்படும் பெருமைகளுக்கு அளவில்லை. விலையின் பெரும்பகுதியும் அவற்றின் பெயரால்தான் ஏறுகிறது. ஆனால் இவை பாதி அசைந்தும் பாதி அசையாமலும் நிற்கும் உறுப்புகள். விலாக்கள் வடிவத்தைக் காக்கின்றன. வாசிப்பவரின் உடலோடு ஒட்டியிருக்கும் முதுகு, உள்ளேயிருக்கும் காற்றை அடைத்துத் திருப்பியனுப்புகிறது.

நாதத்தில் முதுகின் பங்கு சிறிதே என்பதை நிரூபிக்க முயன்றவர்களுள் முதன்மையானவர், இன்றைய கிற்றாரின் வடிவத்தை நிலைநாட்டிய ஸ்பானிய கைவினைஞர் அந்தோனியோ தெ தோறெஸ் என்பவர். முகமே பிரதானம் என்ற தமது கொள்கையை வாயால் வாதியாமல், 1862ஆம் ஆண்டில் முதுகையும் விலாவையும் காகித அட்டையினாலே செய்து, முகத்தை மாத்திரம் நல்ல ஸ்புரூசினால் அமைத்து ஒரு கிற்றாரை உண்டாக்கினார். அது இப்போது பார்சலோனா நகரத்து இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்கரான பொப் ரெயிலர் 1995இல், சாமான் அடுக்கும் தட்டிலிருந்து கழற்றிய ஓக் பலகைகளால் முதுகும் விலாவும் வைத்து ஒரு கிற்றாரைச் செய்து காட்டினார். இங்கிலாந்திலே லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர், முதுகு மரத்தைத் தவிர வேறெதிலும் வேற்றுமையில்லாத ஆறு கிற்றார்களை ஒரே பட்டறையில் செய்வித்து, 52 வாசிப்போரிடம் மரத்தைக் காணமுடியாதபடி கொடுத்துப் பரீட்சித்தனர். 2018இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, அரிய பிறேசில் றோஸ்வுட்டுக்கும் மலிந்த சப்பேலிக்கும் இடையே, நாதத்தின் மதிப்பீட்டில் சொல்லத்தக்க வித்தியாசம் ஒன்றும் வெளிப்படவில்லை.

இதனால் முதுகு மரம் எதுவானாலும் சரி என்று முடிவுகட்டலாகாது. உள்ளே தேய்வு மிகுந்து, தட்டினால் 'தொப்' என்று அடங்கிப்போகும் பலகை, முகம் திரட்டிய சக்தியை விழுங்கிவிடும்; ஈரப் பருவத்திலே நெளியும் பலகை ஒட்டு விடும். தட்டினால் ஓசை நிற்க வேண்டும். வளைத்தால் உடையாது வளைய வேண்டும். வளைந்த பின் அந்நிலையிலேயே நிற்க வேண்டும். இம்மூன்று இலக்கணங்களும் பொருந்திய மரம் எதுவாயினும், அதன் பெயரையும் தாய்நாட்டையும் பற்றி நாம் கவலைகொள்ள வேண்டியதில்லை.

பிறேசில் றோஸ்வுட்டின் கதையையும் இங்கே அறிந்துகொள்வது நலம். அம்மரம் கிடைப்பது அரிதானபோது, அமெரிக்க மார்ட்டின் கம்பனியார் 1969இல் தென்னிந்தியாவின் ஈட்டி மரத்துக்கு மாறினர். தோதகத்தி என்றும் நாம் வழங்கும் அதே மரம் இன்று உலகமெங்கும் கிற்றார்களின் முதுகாக விளங்குகிறது. பிறேசில் மரத்தின் வாணிபத்தை 1992 முதல் பன்னாட்டு உடன்படிக்கை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தியுள்ளது. ஈட்டியும் அதன் இனத்து ஏனைய மரங்களும் 2017இல் கட்டுப்பாட்டின்கீழ் வந்தன. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இன் இறுதியில் விலக்களிக்கப்பட்டது. கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ ஊருக்கு வரும் உறவினர், பழைய பிறேசில் மரக் கிற்றாரைக் கூடக் கொண்டுவர எண்ணினால், அதற்குரிய பத்திரங்களைப் புறப்படுமுன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கழுத்தும் விரற்பலகையும் குதிரையும்

இவை அசையாது நிற்க வேண்டிய உறுப்புகள். நம் நாட்டு மரங்களின் கீர்த்தி இங்கேதான் துலங்குகிறது. தந்தியை விரல் அழுத்தும் இடத்திலே மரம் குழிந்துபோகலாகாது. மெட்டுக் கம்பிகளை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். வியர்வைக்கும் எண்ணெய்க்கும் அசையலாகாது. வன்னிக் காடுகளிலும் ஈழத்தின் ஏனைய உலர்நிலக் காடுகளிலும் வளரும் கருங்காலி, நீரின் அடர்த்திக்கு அண்மையதாகவும், கருமையும் வழவழப்பும் உடையதாகவும் இருப்பதனால், 'இலங்கைக் கருங்காலி' என்று பேர்சொல்லி உலகத்து வாத்தியக்காரர் தேடிய மரமாகும். அவ்வாறு தேடியதன் பயனாகவே அது அருகிப்போயிற்று. இன்று அதை வெட்டவும், அனுமதியின்றி ஏற்றிச் செல்லவும் சட்டம் இடந்தராது. ஆகவே, கருங்காலி வேண்டுவோர் பழைய தளபாடங்களின் உடைந்த கால்களிலும் கைகளிலும் தேடுவதே தக்கது. ஒரு விரற்பலகைக்கு வேண்டியது ஏறத்தாழ அரை மீற்றர் நீளமும் ஏழு சென்ரிமீற்றர் அகலமும் உள்ள சிறு துண்டு மாத்திரமே.

அது கிடையாவிடின் முதிரை உண்டு. பொன்னிறமும், பட்டுப் போன்ற மினுக்கமும், ஒரு கன மீற்றருக்கு 900 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் உள்ள முதிரை, விரற்பலகைக்கும் குதிரைக்கும் நன்கு பொருந்தும். அதை இழைப்பவர் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். அதன் தூள் சிலர் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். ஆகையால் மூக்கையும் வாயையும் துணியால் மறைத்து, கைகளை மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். இழைகள் குறுக்கும் மறுக்குமாகப் பின்னியிருப்பதால், கூர்மையான சீவுளியால் மெல்லிதாகவே சீவ வேண்டும்.

கழுத்துக்கு வேண்டியது இவ்வளவு பாரமன்று; கழுத்துப் பாரமானால் வாசிப்பவரின் இடது கை அதைத் தாங்கியே களைத்துவிடும். நேரான இழையும், நடுத்தர எடையும், பருவமாறுதலுக்கு அசையாத சுபாவமும் உள்ள மகோகனியோ, நன்கு முற்றிய பலாவோ போதுமானது.

நம் மரங்களின் குணாதிசயம்

பலாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இணுவிலிலும் அளவெட்டியிலும் தவிலும் நாதஸ்வரமும் முழங்கிய வீதிகளில் வளர்ந்தவர்களுக்கு, தவிலின் உடல் பலாக் குற்றியைக் குடைந்தே ஆகிறது என்பது தெரியாத விஷயமன்று. 1933இல் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் கைகளிலே கடல்கடந்த ரசிகரும் கேட்டு வியந்த நாதம், தோலும் பலாவும் அந்தக் கைகளும் சேர்ந்து பிறப்பித்தது. மிருதங்கத்தின் கட்டையும் பலாவே. வெட்டும்போது மஞ்சளாயிருந்து, ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன் நிறமும் பழுப்பும் ஏறும் அதன் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது, வெளிறோ உளுத்துவிடும், ஆதலால் வெளிறு முழுவதையும் களைந்துவிட வேண்டும். நடுத்தர எடையுள்ள இம்மரம் கிற்றாரின் முதுகுக்கும் விலாவுக்கும் கழுத்துக்கும் நன்கு இயைவது. தென்மராட்சியின் பலாத் தோட்டங்களைக் கண்டவர், இதை வேறெங்கும் தேடிச் செல்ல வேண்டியதில்லை என்பதை அறிவர்.

நாதஸ்வரத்தின் ஆச்சா மரம் வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது. அது மிகப் பாரமானது. அப்படியிருந்தும் அதிலிருந்து எழும் நாதம் ஊரெல்லாம் கேட்கிறது. இது நம் விதிக்கு மாறுபாடன்று. நாதஸ்வரத்திலே அசைவது சீவாளியும் உள்ளே நிற்கும் காற்றுமே. குழல் அசையாது நின்று, வழவழப்பான சுவராக அக்காற்றைக் காக்க வேண்டும். தஞ்சைச் சீமையின் நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர், பழைய கட்டடங்களிலிருந்து கழற்றிய, பல்லாண்டு உலர்ந்த ஆச்சாவையே விரும்பிக் கையாள்வதும், அம்மரம் இனிமேல் நெளியாது என்ற உறுதிப்பாட்டுக்காகவே.

வேம்பு, மகோகனியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நிறமும் பதமும் சற்று ஒத்திருக்கும். ஆயினும் அதன் இழை பின்னிப் பிணைந்து செல்வதால் விலாவாக வளைக்கும்போது பிளக்கும். நேரிழையுள்ள பகுதி வாய்த்தால் முதுகுக்கும் கழுத்துக்கும் கொள்ளலாம். தேக்கு நிலையானது, ஆனால் எண்ணெய்ப் பசையுள்ளதால், ஒட்டுமுன் முகத்தைப் புதிதாகச் சீவி, மதுசாரத்தால் துடைத்து, உடனே பசை பூச வேண்டும். வேலியிலே நிற்கும் பூவரசின் செம்பழுப்பு வைரம் சிறிய துண்டுகளாகவே கிடைக்கும். குதிரைக்கும் அலங்கார வேலைக்கும் அது உகந்தது.

பனையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் குடாநாட்டின் வளைகளும் சிலாகைகளும் பனையினாலானவை. நூறாண்டு ஓட்டைத் தாங்கி நின்ற பனை வளைகளை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் பனை வருட வளையம் உள்ள மரமன்று. மெத்தென்ற சோற்றுக்குள்ளே கருத்த நார்கள் நெடுக்கே ஓடும் அமைப்புடையது. மெல்லிய பலகையாகச் சீவினால் நாருக்கும் நாருக்குமிடையே பிரிந்துவிடும். எனவே பனையை நேசிப்பவரும் அதை முகப்பலகையாக்க முயல வேண்டாம். மேலும் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மரங்களை வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சொந்த வளவில் நிற்கும் பலாவானாலும் உரிய அனுமதி பெற்ற பின்பே அதில் கோடரி வைக்க வேண்டும்.

பலகையைப் பரீட்சிக்கும் முறை

1. வளையம் பார்த்தல். பலகையின் அந்தத்தில் தெரியும் வளையக் கோடுகள், பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்துக் கிடக்கும் கோடுகளையுடைய பலகை, பருவந்தோறும் அகன்று சுருங்கிக் கிண்ணம்போல் வளையும்.

2. இழை பார்த்தல். மூலையில் ஒரு சிறு துண்டை உளியால் பிளந்து பார்க்க வேண்டும். பிளவு பலகையின் முகத்தோடு ஒத்து ஓடினால் நன்று. உள்நோக்கிச் சரிந்தால், அப்பலகை விறைப்பையும் உறுதியையும் இழந்தது.

3. மிதவைப் பரீட்சை. ஒரே தடிப்புள்ள, விரலளவான நேர்க்குச்சி ஒன்றைச் சீவி, அதைப் பத்துச் சம பாகமாகக் கோடிட்டு, ஒடுங்கிய உயரமான கண்ணாடிப் பாத்திரத்து நீரில் நிமிர்த்தி மிதக்கவிட்டு, நீரை அது குடிக்குமுன் விரைந்து பார்க்க வேண்டும். நாலு பாகம் அமிழ்ந்தால் அது ஸ்புரூசின் இனத்து எடை. ஆறு பாகத்தை அண்டி அமிழ்ந்தால் பலா, மகோகனியின் எடை. ஒன்பது பாகத்துக்கு மேல் அமிழ்ந்தால் முதிரை, கருங்காலியின் எடை. தராசும் கணக்கும் இல்லாதவரும் இதனால் அடர்த்தியை அறியலாம்.

4. தட்டிக் கேட்டல். பலகையின் நீளத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், ஓரத்தை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்துத் தூக்கி, நடுவிலே விரல் மொழியால் தட்ட வேண்டும். விரல்கள் பிடித்த அவ்விடத்திலேதான் பலகை அசையாது நிற்கும். வேறிடத்தில் பிடித்தால் நம் விரலே ஓசையை அடக்கிவிடும். ஒரே அளவான இரண்டு பலகைகளை இவ்வாறு ஒப்பிட்டு, ஓசை உயர்ந்தும் நீண்டும் நிற்பதையே தெரிந்துகொள்ள வேண்டும்.

5. உலர்ச்சி அறிதல். அறுத்த பலகைகளை நிழலிலே, இடையிடையே ஒரே தடிப்பான சிலாகைத் துண்டுகளை வைத்து அடுக்கி, வாரந்தோறும் நிறுத்து எடையைக் குறித்துவர வேண்டும். எடை குறையாமல் பல வாரம் நின்றால் வெளியிலுள்ள காற்றோடு மரம் சமாதானமாகிவிட்டது என்று கொள்ளலாம். பச்சை மரத்தை அவசரத்தில் வேலைக்கு எடுப்பதைப்போன்ற நட்டம் வேறில்லை.

கடையில் வாங்குவோர்க்கு

கடைக்குச் செல்பவர், முதலில் நாதத் துவாரத்தின் விளிம்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். முகத்திலே காணும் இழைக்கோடுகள் விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது முழுமரம். விளிம்பில் அடுக்கடுக்காகத் தகடுகள் தெரிந்தால் அது ஒட்டுப்பலகை. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், 'றோஸ்வுட் கிற்றார்' என்ற சொல்லில் மயங்கி, பல மாதம் சேமித்த பணத்தைக் கொடுத்து வாங்கிய வாத்தியத்தில், றோஸ்வுட் என்பது முதுகின் மேல் ஒட்டிய காகிதம்போன்ற தகடு மாத்திரமே என்பதையும், முகமோ ஒட்டுப்பலகை என்பதையும், அது ஒட்டு விட்ட நாளிலேதான் கண்டுகொண்டார். முகம் முழு ஸ்புரூசாகவும், முதுகு ஒட்டுப்பலகையாகவும் உள்ள கிற்றார், முதுகு மாத்திரம் சிறப்பானதும் முகம் ஒட்டுப்பலகையானதுமாகிய கிற்றாரிலும் எவ்வளவோ மேலானது. விலையிலும் பெரும்பாலும் குறைந்தது. பணத்தை முகத்திலே செலவிடுக. ஒட்டுப்பலகைக்கும் ஒரு நன்மை உண்டு: அது பருவத்துக்கு அதிகம் நெளியாது, ஆகையால் நாளும் சைக்கிளில் வகுப்புக்குக் கொண்டுபோகும் ஆரம்ப மாணவனுக்கு அதுவே போதும்.

வாடையும் சோளகமும்

கிற்றார்கள் பெரும்பாலும் காற்றின் ஈரம் 45 முதல் 55 வீதம் வரையுள்ள அறைகளில் செய்யப்படுகின்றன. கடல் சூழ்ந்த நம் குடாநாட்டிலோ அந்த ஈரம் 70 வீதத்துக்கு மேலேயே பெரும்பாலும் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு வாடைக்காற்று வீசும்போது முகப்பலகை ஈரத்தைக் குடித்து வீங்கி, வயிறு உப்பி, தந்திகள் விரற்பலகையைவிட்டு உயர்ந்து, குரல் மங்கும். அக்காலத்தில் வாத்தியத்தைச் சுவரில் மாட்டாது, பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைக்க வேண்டும். சித்திரை வெயிலிலே தகரக் கூரையின் கீழோ, கண்ணாடி பூட்டிய வாகனத்திலோ விட்டால் பசை இளகிக் குதிரை பெயர்ந்துவிடும். வைகாசி முதல் வீசும் சோளகக் காலத்தில், பருத்தித்துறை, ஊர்காவற்றுறை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று தந்திகளை விரைவில் துருவாக்கும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் தந்திகளைத் துடைப்பதை வழக்கமாகக் கொள்க. உள்ளூர்க் காற்றிலே உலர்ந்த மரத்தால் உள்ளூரில் செய்த வாத்தியம் இப்பருவங்களுக்கு ஓரளவு பழகியிருக்கும் என்பதும், அதைக் குளிரூட்டிய அறைக்குள்ளோ குளிர்நாட்டுக்கோ கொண்டுசென்றால் அதுவே சுருங்கி வெடிக்கக்கூடும் என்பதும் மறக்கத்தக்கவையல்ல.

முடிவுரை

மேலே கண்ட பரீட்சைகளுக்கெல்லாம் தகுதியாக, பல்லாண்டு உலர்ந்து, நெளிவதெல்லாம் நெளிந்து முடிந்து, அமைதியடைந்த மரம் எங்கே கிடைக்கும் என்று வாசகர் கேட்கலாம். அது நம் ஊர்களிலேயே கிடக்கிறது. போரிலே இடிந்த வீடுகளையும், புதுமனைக்காக இடிக்கும் பழைய நாற்சார் வீடுகளையும் சுற்றிப் பாருங்கள். பலாக் கதவுகளும், முதிரை நிலைகளும், உடைந்த பழைய அலுமாரிகளும் விறகு விலைக்குப் போவதைக் காண்பீர்கள். ஒரு பலாக் கதவிலிருந்து ஒரு கிற்றாரின் முதுகும் விலாவும் கழுத்தும் எடுக்கலாம். உடைந்த நிலையின் ஒரு துண்டிலிருந்து பல விரற்பலகைகளை எடுக்கலாம். அதற்காக உயிருள்ள ஒரு மரமும் சாய வேண்டியதில்லை.

ஆகையால், இந்நூலைக் கையிலெடுத்த அன்பருக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இது: வீட்டை இடிக்கும்போது பழைய மரத்தை அடுப்புக்கு அனுப்புமுன், அதை ஒருமுறை தூக்கிப் பிடித்து நடுவிலே தட்டிக் கேளுங்கள். ஓசை நின்று ஒலித்தால், அதை எடுத்து நிழலிலே வையுங்கள். வாத்தியம் செய்யக் கற்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.